பார்வையற்றவர் வீட்டுக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர்: விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டியவை

ஜொகூர் பாரு, கூலாய் வட்டாரங்களில் பல வீடுகளில் பொழுது விடியும் முன்பே ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பாலத்தைக் கடந்து வீடு திரும்ப இரவாகிவிடும். அந்த வீட்டில் பார்வை இழந்த தாயோ தந்தையோ இருந்தால், பகல் முழுவதும் அவர் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். ஏர்கோனைக் குறைப்பது, மணி என்ன என்று தெரிந்துகொள்வது, பாட்டுப் போடுவது, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது எல்லாமே அவர் பாடு. இதற்காகத்தான் பிள்ளைகள் இப்போது ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கித் தருகிறார்கள்.

அது சில வாரங்களில் அலமாரிக்குள் போய்விடுவதும் உண்டு. மகன் வீட்டில் இருக்கும்வரை சொன்னபடி கேட்ட கருவி, அவர் இல்லாத நேரத்தில் நின்றுபோனால் அதை மீண்டும் இயக்க அம்மாவுக்கு வழி தெரியாது. ஆகவே, ஒலி எப்படி இருக்கும், விலை எவ்வளவு என்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இது பழுதானால், வீட்டில் தனியாக இருப்பவர் கையாலும் காதாலும் மட்டும் இதைச் சரிசெய்ய முடியுமா?

ஜொகூருக்கும் பார்வையற்றோர் கல்விக்கும் நெடுநாள் தொடர்பு உண்டு. ஜொகூர் பாருவில் உள்ள பிரின்சஸ் எலிசபெத் பள்ளி 1948ஆம் ஆண்டு முதல் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெய்ல் எழுத்தும் தனித்து வாழும் பழக்கமும் கற்றுத் தந்து வருகிறது. அங்கே படித்து வளர்ந்தவருக்குப் புதிய கருவி ஒன்றைத் தடவிப் பார்த்துப் பழகிக்கொள்வது புதிதல்ல. ஐம்பது வயதுக்குமேல் பார்வை போனவரின் நிலை வேறு. 2014ஆம் ஆண்டின் இரண்டாவது தேசியக் கண் ஆய்வு, நாட்டில் 50 வயதுக்கு மேற்பட்டோரில் 1.2 விழுக்காட்டினர் பார்வையற்றவர்கள் என்று கண்டது. கண்புரைதான் முதல் காரணம். நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பும் முக்கியக் காரணங்களில் ஒன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்திய வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனங்களிலும் இதுவே மிக அதிகம். எனவே நம் வீடுகளில் ஸ்பீக்கர் தேவைப்படுகிறவர் பெரும்பாலும் பிரெய்ல் அறியாத, தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒரு பெரியவராக இருப்பார்.

முதல் தடையும் அங்கேதான். கூகல் நெஸ்ட், அமேசான் எக்கோ, ஆப்பிள் ஹோம்பாட் ஆகிய மூன்றிலும் தமிழில் கட்டளை கொடுக்க முடியாது. எக்கோவிலும் நெஸ்ட்டிலும் இந்தி உண்டு, மலாய் இல்லை. விளம்பரத்தில் ‘தமிழ்ப் பாட்டுப் போடும்’ என்று இருப்பதைப் படித்து, தமிழில் பேசினால் புரியும் என்று நம்பி வாங்கி ஏமாறக் கூடாது. ஓரளவு ஆங்கிலம் தெரிந்தவருக்கு ஒரு வழி இருக்கிறது. எக்கோவிலும் நெஸ்ட்டிலும் மொழி அமைப்பை ‘இந்திய ஆங்கிலம்’ என மாற்றினால், நம்மவர் உச்சரிப்பு அமெரிக்க ஆங்கில அமைப்பைவிட நன்றாகப் பிடிபடும்.

பெயர் வைப்பதிலும் கவனம் வேண்டும். ‘லிவிங் ரூம் சீலிங் லைட் ஒன்’ என்று மகன் வைத்த பெயர் அம்மாவின் வாயில் வராது. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் அன்றாடம் சொல்வது லைட்டு, பேன், டிவி. அந்தச் சொற்களையே பெயராக வைக்கலாம். ஒரே ஓசையில் இரண்டு பெயர் இருக்கக் கூடாது. பெயர் வைக்க வேண்டியவர், பயன்படுத்தப் போகிறவர்தான். அவர் வாயால் பத்து முறை சொல்லிப் பார்த்து, எட்டு முறையாவது கருவி கேட்டால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் அறவே வராதவருக்கு ஸ்பீக்கரைவிடக் கைப்பேசியே நல்ல தொடக்கம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகல் உதவியாளர் தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதில் சொல்லும். டாக்பேக் என்ற திரைவாசிப்பு வசதியும் தமிழ்க் குரலில் படிக்கும். புதிய ஐஃபோன்களின் வாய்ஸ்ஓவரிலும் தமிழ்க் குரல் உண்டு. இவை எல்லாம் கைப்பேசியோடு வருபவை, தனிக் காசு இல்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒலி கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சில விநாடிகள் சேர்த்து அழுத்திப் பிடித்தால் டாக்பேக் தொடங்கும். ராகா வானொலியைச் சியோக் செயலியிலும் மின்னல் எஃப்எம்மை ஆர்டிஎம் கிளிக் செயலியிலும் கேட்கலாம். அந்த ஒலியைப் புளூடூத் வழியாக எந்த ஸ்பீக்கருக்கும் அனுப்பலாம்.

சரி, ஸ்பீக்கரே வாங்குவது என்று முடிவானால், பெட்டியைப் பார்த்து வாங்காமல் பயன்படுத்தப் போகிறவரைக் கடைக்கு அழைத்துப் போய் அவர் கையில் கொடுங்கள். எக்கோ டாட்டின் மேற்புறத்தில் அழுத்தினால் இறங்கும் தனித்தனிப் பொத்தான்கள் உள்ளன. விரல் அவற்றை எளிதில் பிரித்தறியும். நெஸ்ட் மினியின் மேற்புறம் வழவழப்பான துணி. ஒலியைக் கூட்ட, குறைக்க எங்கே தட்ட வேண்டும் என்று விரலுக்கு அடையாளம் எதுவும் இல்லை. தூசு துடைக்கும்போது கை பட்டாலே பாட்டு நின்றுவிடும். ஆனால் ஒலிவாங்கியை அணைக்க அதன் பக்கவாட்டில், மின்கம்பிக்கு அருகில், தள்ளும் சுவிட்சு ஒன்று இருக்கிறது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தொட்டாலே தெரியும். ஹோம்பாட் மினியில் அப்படிச் சுவிட்சு கிடையாது. ஐஃபோனோ ஐபேடோ இல்லாத வீட்டில் அதை அமைக்கவும் முடியாது.

இந்தக் கருவிகள் தங்கள் நிலையை நிறத்தால் காட்டுபவை. எக்கோவில் சிவப்பு வெளிச்சம் வந்தால் ஒலிவாங்கி அணைந்திருக்கிறது என்று பொருள். நெஸ்ட்டில் அதுவே ஆரஞ்சு. பார்வையற்றவருக்கு இதனால் பயனில்லை. கருவி கேட்கத் தொடங்கியதா இல்லையா என்று தெரியாமல் பேசிப் பேசிச் சலிப்பதுதான் மிச்சம். இதற்கு மாற்று இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அலெக்சா செயலியிலும் கூகல் ஹோம் செயலியிலும் கருவியின் அமைப்புகளுக்குப் போய், கட்டளையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலி எழுப்பும் அமைப்பை இயக்க வேண்டும். ‘டிங்’ என்ற ஒலி கேட்டபின் பேசினால் போதும். அலெக்சாவிடம் மெதுவாகப் பேசும்படியும் சொல்லலாம். புதிதாகப் பார்வை இழந்த பெரியவருக்கு இது பேருதவி.

அமைப்பு வேலையை மகன் தன் கைப்பேசியில், தன் கணக்கில் செய்துவிட்டுப் போவதும் தவறு. கணக்கு வீட்டில் இருப்பவர் பெயரில் இருக்கட்டும். செயலி அவர் கைப்பேசியிலும் இருக்கட்டும். கருவிகளின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் இணைப்பு எண்ணையும் தொலைத்துவிடக் கூடாது. 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் பிளக், விளக்கு போன்றவை கூகல், அமேசான், ஆப்பிள் மூன்றோடும் இணையக்கூடியவை. அவற்றை மீண்டும் இணைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த 11 இலக்க எண்ணோ சதுரக் குறியீடோ தேவைப்படும். எண்ணைப் படித்துக் குரல் பதிவாகச் சேமித்து வைப்பது நல்லது. அவசரத்துக்கு ‘பி மை ஐஸ்’ என்ற இலவசச் செயலி கைகொடுக்கும். டென்மார்க்கில் பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் தொடங்கி 2015இல் வெளிவந்தது இது. கைப்பேசிக் கேமராவைக் காட்டினால் எங்கோ இருக்கும் தன்னார்வலர் ஒருவர் எழுத்தைப் படித்துச் சொல்வார்.

இணையம் இல்லையென்றால் இந்த ஸ்பீக்கர்களின் வேலை பெரும்பாலும் நின்றுவிடும். ஜொகூரில் இடி இடித்தால் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கழற்றியதை மீண்டும் மாட்டும் வழி வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். ரவுட்டரைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, அதன் சுவரிலுள்ள சுவிட்சில் மேடான ஒட்டுப் புள்ளி ஒன்றை ஒட்டிவிட்டால் போதும். அணைத்து, முப்பது எண்ணி, மீண்டும் போட்டு, ஐந்து நிமிடம் காத்திருப்பது. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். ரவுட்டரை மட்டும் ஒருபோதும் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டக் கூடாது. அது அணைந்தால் வைஃபை போய்விடும், வைஃபை இல்லாமல் அந்தப் பிளக்கைக் குரலால் மறுபடி எழுப்ப முடியாது!

தோட்டப்புற வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ஃபைபர் இணைப்பு எட்டாத இடங்களில், யாராவது ஒருவரின் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில்தான் வீடு ஓடுகிறது. அவர் வேலைக்குப் போனால் இணையமும் கூடவே போய்விடும். வீட்டிலேயே நிற்கும் சிம் அட்டை ரவுட்டர் இல்லாமல் அங்கே ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்குவது வீண். அதற்குப் பதில், இணையமே தேவைப்படாத ரிமோட் பிளக்குகள் கிடைக்கின்றன. ரேடியோ அலையில் இயங்குபவை இவை. போட ஒன்று, அணைக்க ஒன்று எனத் தனித்தனிப் பொத்தான்கள் உள்ள ரிமோட்டாகத் தேர்ந்தெடுத்தால், நிலை என்ன என்ற சந்தேகமே வராது. இதைப் பழைய கருவி என்று ஒதுக்குவதற்கில்லை. பல வீடுகளுக்கு இதுதான் சரியான தேர்வு.

ஸ்பீக்கரோடு இணைக்கும் கருவிகளில் பார்வையற்றவருக்கு மிக அதிகப் பயன் தருவது அகச்சிவப்பு ரிமோட் கருவி எனலாம். ஏர்கோன் ரிமோட்டில் எல்லாம் சிறு திரையில்தான் தெரியும். அதைப் பார்க்க முடியாதவருக்கு 18இல் ஓடுகிறதா 26இல் ஓடுகிறதா என்பது குளிரை வைத்து ஊகிப்பதுதான். இந்தக் கருவி வந்துவிட்டால் ‘ஏர்கோன் 25’ என்று சொன்னால் அதே அளவு அமையும். தொலைக்காட்சி அப்படி அல்ல. போடவும் அணைக்கவும் ஒரே பொத்தான் என்பதால் ‘டிவி ஆஃப்’ என்று சொன்னதும் அணைந்திருந்த பெட்டி எழுந்துகொள்ளலாம். ரிமோட்டோடு வரும் கூரை மின்விசிறிகளில் பல, அகச்சிவப்பில் அல்லாமல் ரேடியோ அலையில் இயங்குபவை. கருவி அதற்கும் பொருந்துமா என்று கேட்டே வாங்க வேண்டும்.

ஸ்மார்ட் பிளக் எல்லாவற்றுக்கும் உதவாது. மின்சாரம் வந்ததும் தானே ஓடும் பொருளுக்குத்தான் அது பயன்படும். திருகியோ அழுத்தியோ நிலைநிறுத்தும் பொத்தான் உள்ள மேசை மின்விசிறி ஓடும். தொடுபொத்தான் உள்ள மின்விசிறி, பிளக்கைப் போட்டாலும் சும்மா நிற்கும். பல ஸ்மார்ட் பிளக்குகளின் வரம்பு 10 ஆம்பியர், அதாவது ஏறத்தாழ 2,300 வாட். குளியலறையின் உடனடிச் சுடுநீர்க் கருவி அதற்கு மேல் இழுக்கும். அதற்கென்று தனி இணைப்பு இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டியையும் அடுப்பையும் குரலுக்குக் கட்டுப்படுத்தவே கூடாது. பக்கத்தில் துணி கிடப்பதைப் பார்க்க முடியாதவர் வேறு அறையிலிருந்து சூட்டைக் கிளப்புவது ஆபத்து. சிரிம் முத்திரை இல்லாத பிளக்கை, எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள்.

சுவர் சுவிட்சில் ஓர் எச்சரிக்கை. கண்ணாடிபோல் தட்டையான தொடுசுவிட்சுகள் பார்க்க அழகு. பார்வையற்றவரோ சுவரைத் தடவித்தான் சுவிட்சைத் தேடுகிறார். தேடும் விரல் பட்டதுமே மூன்று விளக்கும் மாறிவிடும். சாதாரணச் சுவிட்சு போலவே மேலும் கீழும் சாயும் வகை ஸ்மார்ட் சுவிட்சுகளும் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி தேவை. பழைய தாமான் வீடுகளின் சுவிட்சுப் பெட்டிகளில் அது இல்லாமல் இருக்கக்கூடும். பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு திறந்து பார்த்தபின் வாங்குவதே முறை.

கதவுப் பூட்டுக்கும் அதே விதிதான். எண் தட்டும் தட்டையான பலகையைவிட விரல்ரேகைப் பூட்டு எளிது. சாதாரணச் சாவித்துளையும் இருக்க வேண்டும். குரலால் திறக்கும் வசதி இரகசிய எண்ணை உரக்கச் சொல்லச் சொல்லும். வாசலில் நிற்பவர் காதிலும் அது விழும். அதை அணைத்து வைப்பதே நல்லது. உடல்நலக் குறைவு போன்ற அவசரத்துக்கு ஸ்பீக்கரை நம்பியிருக்கவும் கூடாது. 999 எண்ணை அழைக்கக் கைப்பேசி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கடைகளில் விற்பவற்றில் இறக்குமதிச் சரக்கும் கலந்திருக்கும். சிங்கப்பூரில் வாங்கினாலும் மூன்று முனைப் பிளக் ஒன்றே என்பதால் மாட்டுவதில் தொல்லையில்லை, ஆனால் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று இரசீது வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே வாங்கிய பொருளில் பிரச்சினை வந்து கடைக்காரர் கைவிரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் புகார் தரலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரசீது இல்லாவிட்டால் அங்கே கோரிக்கையை நிரூபிப்பது கடினம்.

முதல் மாதம் ஒரு ஸ்பீக்கரும் ஒரு பிளக்கும் போதும். விடுமுறை நாள் ஒன்றில் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து, ரவுட்டரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, எதுவும் பேசாமல் உட்கார்ந்து பார்க்கலாம். அம்மா தானே எழுந்துபோய் அதைச் சரிசெய்துவிட்டால் அடுத்த கருவியை வாங்கலாம்.