வந்ததும் வரவேண்டியதும்

‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கிய டொனால்ட் குனூத், 1984-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து அதற்கென ஒரு சித்திரவதைச் சோதனையையும் வெளியிட்டார். பெயர் ‘டிரிப்’. அதை அச்சிட்டுப் பார்த்தால் படிக்க உருப்படியாக எதுவும் கிடைக்காது. மூலைமுடுக்கிலுள்ள கட்டளைகளையும் விடாமல், நல்ல புத்தியுள்ள எவரும் எழுதத் துணியாத சேர்க்கைகளில் கோத்திருந்தார். சோதனை எழுத உட்காரும்போது தம்மால் முடிந்த அளவு குரூரமான மனநிலைக்குப் போய்விடுவதாக அவரே பின்னாளில் எழுதினார்.

அதை ஓட்டினால் வரவேண்டிய பதிவுக் கோப்பும் கூடவே இருந்தது. டெக்கை வேறொரு கணினிக்குக் கொண்டுசெல்பவர், தமக்கு வந்ததை அதனோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அச்சுப் பக்கங்களைக் கண்ணால் ஒப்பிட முடியாதே என்று, அவற்றின் உள்ளடக்கத்தை எழுத்தாக விரித்துக்காட்ட ‘டிவிஐடைப்’ என்ற தனி நிரல். தேதி, நினைவகக் கணக்கு, தசமத்தின் கடைசி இலக்கம் போன்ற சில்லறை வேறுபாடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இதில் தேறாத நிரல் டெக் என்ற பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது.

ஒப்பிடும் வேலையை இயந்திரத்திடம் தள்ளிவிட அதற்குப் பத்தாண்டு முன்பே வழி பிறந்திருந்தது. பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய ‘டிஃப்’, 1974-இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்றும் அதை வைத்தே தன்னைச் சோதித்துக்கொள்கிறது: எஸ்கியூஎல் கட்டளைகள் ஒரு கோப்புறையில், வரவேண்டிய விடைகள் இன்னொன்றில். இயங்குதளத்துக்கேற்ப விடை மாறும் இடங்களில் ஒரே சோதனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கும்.

2016 ஜூலையில் ஃபேஸ்புக்கின் சோதனைக் கருவியான ஜெஸ்ட் 14, இந்தப் பழக்கத்தை ‘ஸ்னாப்ஷாட் சோதனை’ என்ற பெயரில் ரியாக்ட் என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு எழுதுவோரிடம் கொண்டுபோனது. முதல் ஓட்டத்தில் வரும் வெளியீட்டை ஜெஸ்டே கோப்பில் எழுதிவைத்துவிடும். அது சரியா என்று கேட்காது. அடுத்த முறை வேறாக வந்தால் தோல்வி. தெரிந்தேதான் மாற்றினோம் என்றால் ‘-யு’ சேர்த்து ஓட்டினால் போதும், பழைய விடைகள் அழிந்து புதியவை ஏறிவிடும். குனூத் யோசித்து யோசித்து விலக்கு அளித்த இடத்தில் இப்போது ஒரே ஓர் எழுத்து. வசதிதான். ஆயிரம் வரி மாறிய ஸ்னாப்ஷாட் கோப்பைச் சக நிரலாளர் யார் பொறுமையாகப் படித்து ஒப்புதல் தரப்போகிறார்?

கருவி செய்பவர்களுக்கும் இது உறைத்தது. 2018-இல் வந்த ஜெஸ்ட் 23 வரிசை, ஸ்னாப்ஷாட்டைச் சோதனை நிரலுக்குள்ளேயே, கண்ணெதிரே வைக்க வழிசெய்தது. ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் தேதியின் மதிப்பை விட்டுவிட்டு, அது தேதிதானா என்று மட்டும் பார்க்கவும் இடம் தந்தது. நிரலில் குறை சுட்டும் ஈஎஸ்லிண்ட் கருவியில் ஜெஸ்டுக்கான விதி ஒன்றை இயக்கிவிட்டால், ஸ்னாப்ஷாட் 50 வரியைத் தாண்டியதும் முணுமுணுக்கத் தொடங்கும்.