எம்டனும் காவலற்ற கரையும்

1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, கேப்டன் வான் முல்லரின் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைக்கெதிரே நின்று நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுச் சேதமின்றி மறைந்தபோது, அதைத் துரத்த ஒரு டார்பிடோ படகேனும் துறைமுகத்தில் இருக்கவில்லை.

வேகமே பிரதானமென்று மெல்லிய எஃகுத் தகட்டாலும் குறுகிய உடலாலும் சமைக்கப்பட்டு, உட்புறத்தின் பெரும்பகுதியைக் கொதிகலனுக்கும் இயந்திரத்துக்கும் ஈந்துவிட்ட அந்தச் சிறு படகுக்கு ஒதுங்கத் துறை அவசியம். சென்னைக்குத் தெற்கே, அச்சரப்பாக்கத்துக்குக் கிழக்கேயுள்ள கரை முதல் மாமல்லபுரம் வரை இயற்கைத் துறைமுகமே கிடையாது. ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து, அலை மோதும்போது நெளிந்துகொடுக்கும் மசூலாப் படகே இக்கரைக்கு ஏற்ற சிருஷ்டி. ஆனால், அது யுத்தத்துக்கு உதவாது.

அக்டோபர் 28-ஆம் தேதி பினாங்கில் ருஷ்யாவின் செம்சுக் கப்பலை அதே எம்டன், சென்னையில் இல்லாதுபோன அந்த டார்பிடோவால்தான் மூழ்கடித்தது.