இருப்பு எண்ணிக்கை புதுப்பித்தல்

கடைச் சரக்கின் கையிருப்பை இணையச் செயலி வழியே மேகக் கணினியிலுள்ள ஆவணத் தரவுத்தளத்தில் கூட்டிக் குறைக்கும் முறை. மாங்கோடிபி (2009), கூகுளின் ஃபயர்ஸ்டோர் (2017) ஆகியவை இவ்வகைத் தரவுத்தளங்கள். சரக்கு ஒவ்வொன்றும் ஓர் ஆவணம். இருப்பு அதில் ஓர் எண்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில், சாரல் காலக் கூட்டத்தில் ஒரு நேந்திரம் சிப்ஸ் கடையை எண்ணிக்கொள்ளலாம். இருப்பு 10 பொட்டலம். இரண்டு கல்லாவில் ஒரே நொடியில் ஒவ்வொன்று விற்கிறது. இரு செயலிகளும் 10 என்று படித்து, 9 என்று எழுதிவிடுகின்றன. உண்மையில் மிச்சம் 8. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். பிழைச் செய்தி எதுவும் வராததால் கண்ணுக்கும் படாது.

இதைத் தவிர்க்க, செயலி தானே கழித்து விடையை எழுதக்கூடாது. ‘ஒன்று குறை’ என்ற கட்டளையை மட்டும் அனுப்பவேண்டும். கழித்தலைத் தரவுத்தளமே செய்யும்போது எந்த விற்பனையும் தொலையாது. ஆனால் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகலாம். அதைத் தடுக்கப் பரிவர்த்தனை முறை உண்டு: இருப்பைப் படித்து, போதுமா என்று பார்த்து, பில்லையும் இருப்பையும் சேர்த்தே எழுதும். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் முதலிலிருந்து மறுபடி செய்யும். மாங்கோடிபியில் பல ஆவணங்களுக்கான பரிவர்த்தனை 2018-இல் 4.0 பதிப்பில் வந்தது.

ஃபயர்ஸ்டோர் செயலியில் இணைய இணைப்பு அறுந்தால் கழித்தல் கட்டளை வரிசையில் காத்திருக்கும்; பரிவர்த்தனை தோற்றுவிடும்.