அழித்த கோடுகளைச் சேகரிப்பது

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘தகவலாளர்: மலையாளிப் பெண், வயது சுமார் 60, ஜமுனாமரத்தூர் அருகில்.’ இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஜவ்வாது மலையில் நான் பதிவுசெய்த தாலாட்டு ஒன்றின் கீழே அந்த வரியை எழுதினேன். அந்த அம்மா அதே தாலாட்டை மூன்று நாட்களில் மூன்று முறை எனக்குப் பாடிக் காட்டினார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. ஒரு முறை தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். ஒரு முறை அவர் வரவே இல்லை. கடைசி முறை பாட்டின் நடுவில் கணவனைப் பற்றி ஒரு வசவு வந்தது.

நான் மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு, நல்ல அடிகளைப் பொறுக்கி, ஒரே பாடமாகச் ‘சுத்தம்’ செய்தேன். வசவை நீக்கினேன். நாடா வாங்கக் காசில்லாத காலம். அதே ஒலிநாடாவில் அடுத்த ஊரின் பாட்டைப் பதிந்தேன். ஆய்வேடு பாராட்டைப் பெற்றது.

நான் செய்தது என்ன என்பதைப் பிற்காலத்தில் எனக்குப் புரியவைத்தவை, நமக்குச் சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும் சில அமெரிக்க எட்சிங் படங்கள். அவற்றைச் சேகரிப்பவர்களின் கணக்கு வழக்கைப் படிக்கப் படிக்க, என் பின்னிணைப்பு கண்ணை உறுத்தத் தொடங்கியது.

எட்சிங் என்பது செம்புத் தகட்டில் பிறக்கும் படம். தகட்டின் மேல் மெழுகுக் கலவையைப் பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு மெழுகை நீக்கி, மை தடவித் துடைத்தால் பள்ளங்களில் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து அச்சு உருளையில் அழுத்தினால் படம் தாளில் ஏறும். அமிலம் இல்லாமல் தகட்டை ஊசியால் நேரடியாகக் கீறினால் அது டிரைபாயின்ட். அதில் கோட்டின் ஓரம் பிசிறாக மேலெழும். அந்தப் பிசிறுதான் வெல்வெட் போன்ற கருமையைத் தருவது. சில பத்துப் படிகள் எடுப்பதற்குள் அது தேய்ந்துவிடும்.

கலைஞர் ஒரு படி எடுத்துப் பார்க்கிறார். திருப்தியில்லை. தகட்டில் ஒரு கோட்டைச் சேர்க்கிறார், அல்லது ஒன்றைச் சுரண்டி அழிக்கிறார். மறுபடியும் படி எடுக்கிறார். தகடு மாறும் ஒவ்வொரு முறையும் பிறப்பது ஒரு புதிய ‘நிலை’. மையைக் கூட்டிக் குறைத்துத் துடைப்பதால் மட்டும் நிலை மாறாது. தகடே மாறியிருக்க வேண்டும். சேகரிப்பாளர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கலைஞரின் முழுப் படைப்புப் பட்டியலும் வைத்துக்கொண்டு, இது இரண்டாம் நிலையா, மூன்றாம் நிலையா என்று பார்ப்பார்கள். படத்தின் ஓரத்தில் பென்சிலில் 12/50 என்றிருந்தால் அது நிலையைக் குறிப்பதல்ல. ஐம்பது படிகளில் பன்னிரண்டாவது என்று பொருள். இடைநிலைப் படிகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். கலைஞர் தனக்காக எடுத்துப் பார்த்தவை அவை. எல்லா வேலையும் முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்து அதைச் செல்லாததாக்கும் வழக்கமும் உண்டு.

தமிழ் படித்தவர்கள் பாடபேதத்தோடு வளர்ந்தவர்கள். ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவதை உ.வே.சாமிநாதையர் அடிக்குறிப்பில் எப்படிக் காட்டினார் என்பதை வகுப்பில் நடத்துகிறோம். ஆனால் ஏட்டுப் பாடபேதம் பெரும்பாலும் பல கைகளால் நேர்வது. எட்சிங்கின் நிலைகள் ஒரே கை மனம் மாறியதற்கான சாட்சி. என் தாலாட்டும் அப்படித்தான். ஒரே அம்மா, மூன்று மனம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் தன் பொது உரிமைப் படங்களை இலவசமாகத் திறந்துவிட்டது. வேறு அருங்காட்சியகங்களும் அதே வழியில் வந்தன. ஒரு அசல் எட்சிங் வாங்கவும் வழியில்லாத கல்லூரி ஆசிரியை நான். என் சேகரிப்பு ஒரு பென் டிரைவ். பதிப்பியல் வகுப்பில் அதிலிருந்து முதலில் நான் காட்டும் படம் மேரி கசாட்டின் ‘பேருந்தில்’. 1890-91இல், குதிரைகள் பேருந்தை இழுத்த பாரிஸில், இந்த அமெரிக்கப் பெண் செய்த பத்து வண்ண அச்சுப்படங்களில் ஒன்று. இருக்கையில் ஒரு சீமாட்டி, பக்கத்தில் குழந்தையை வைத்திருக்கும் தாதி. இதன் முன்வரைவில் அருகே ஒரு ஆணும் உட்கார்ந்திருந்தார். அச்சுக்கு வரும்போது கசாட் அவரை எடுத்துவிட்டார். “எங்க பஸ்ஸில அப்படி எடுக்க முடியாது மிஸ்” என்றாள் மலையிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது. பிறகு அவளே கேட்டாள்: “அந்தப் பிள்ளையத் தூக்கிட்டு இருக்கிற அம்மா பேர் என்ன?”

அந்தக் கேள்வியோடுதான் நான் இருபதாம் நூற்றாண்டுக்குள் போனேன்.

பெர்தா ஜேக்ஸ் என்ற பெண் 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் எட்சிங் படங்களைப் பார்த்து மயங்கினார். கருவிகள் கிடைக்கவில்லை. மருத்துவரான கணவர் தன் அறுவைக் கருவிகளிலிருந்து அவருக்கு ஊசிகள் செய்துகொடுத்தார். 1910இல் சிகாகோ எட்சர்ஸ் சொசைட்டி உருவானபோது நிறுவனர்களில் ஒருவராக இருந்தார். அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் செயலாளராகவும் பொருளாளராகவும் அந்தச் சங்கத்தைச் சுமந்தார். கடிதம் எழுதுவது, படங்களைக் கட்டி அனுப்புவது, சந்தா வசூலிப்பது, உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு எட்சிங் போய்ச்சேரச் செய்வது எல்லாம் அவர் வேலை. நடுத்தர வர்க்கத்து வீடுகளில் எட்சிங் சேகரிக்கும் பழக்கத்தை வளர்த்தவை இப்படிப்பட்ட சங்கங்கள்தாம். இதற்கிடையில் அவரே நானூறுக்கும் மேற்பட்ட தகடுகளைச் செய்தார். ஆனாலும் கலை வரலாறு அவரைப் பெரும்பாலும் ‘அமைப்பாளர்’ என்றே நினைவில் வைத்திருக்கிறது.

1916இல் தாகூரோடு ஜப்பான் வழியாக அமெரிக்கா போன முகுல் தே என்ற சாந்திநிகேதன் மாணவர் சிகாகோவில் இந்த பெர்தாவைச் சந்தித்தார். இளைஞருக்கு வயது 21. ஜேம்ஸ் பிளாண்டிங் ஸ்லோன் என்ற எட்சரிடம் அவரை அறிமுகப்படுத்தியவர் பெர்தா. தே அங்கே எட்சிங் கற்றார், சங்கத்தின் உறுப்பினரானார், 1917இல் ஊர் திரும்பினார். பிறகு இங்கிலாந்திலும் படித்து, 1928இல் கல்கத்தா அரசு கலைப் பள்ளியின் முதல் இந்திய முதல்வரானார். இந்திய டிரைபாயின்ட்டின் முன்னோடி என்று அவரைச் சொல்கிறோம். அந்தக் கதையின் தொடக்கத்தில் கதவைத் திறந்துவிட்ட ஒரு பெண் நிற்கிறார்.

தேயின் தகடுகளில் தாகூர் இருக்கிறார், காந்தி இருக்கிறார். சந்தால் பெண்களும் இருக்கிறார்கள். அழகான கோடுகள், அந்தப் பெண்களின் நடையில் இருக்கும் நிமிர்வை அவர் மதித்து வரைந்திருக்கிறார். ஆனால் ஆண்களின் படங்களுக்குப் பெயர் தலைப்பு; அந்தப் பெண்களில் பலருக்கு ‘சந்தால்’ என்பதே தலைப்பு. ‘மலையாளிப் பெண், வயது சுமார் 60’ என்று எழுதிய நான் அவரைக் குறைசொல்ல முடியாது.

எட்வர்ட் ஹாப்பர் 1915 முதல் சில ஆண்டுகள் எட்சிங் செய்தார். 1921இல் செய்த ‘மாலைக் காற்று’ படத்தில் ஜன்னல் திரை உள்ளே பறக்க, ஒரு பெண் கட்டிலில் முழங்கால் ஊன்றித் திரும்பிப் பார்க்கிறாள். ஓவியராக அவருக்கு வழி திறந்ததில் ஜோசஃபின் நிவிசனுக்குப் பங்கு உண்டு. அவரும் ஓவியர். 1923இல் புரூக்ளின் அருங்காட்சியகக் கண்காட்சிக்குத் தன்னை அழைத்தவர்களிடம் ஹாப்பரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அருங்காட்சியகம் ஹாப்பரின் நீர்வண்ண ஓவியம் ஒன்றை நூறு டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு இருவரும் மணந்தார்கள். எந்தப் படம் யாரிடம் போனது, என்ன விலை, படத்தில் என்ன இருக்கிறது என்று கணக்கேடுகளில் ஜோ பல பத்தாண்டுகள் எழுதிவந்தார். ஹாப்பர் 1967இல் இறந்தார். மறு ஆண்டு ஜோ இறந்தபோது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் விட்னி அருங்காட்சியகத்துக்குப் போயின. ஹாப்பர் ஆய்வே அந்தக் கொடையின் மேலும் அந்தக் கணக்கின் மேலும் நிற்கிறது. ஜோவின் சொந்த ஓவியங்களும் அதே கொடையில் சேர்ந்து போனவை. அவற்றில் பலவற்றை அருங்காட்சியகம் பிறருக்குக் கொடுத்துவிட்டது. பலவற்றின் சுவடு இல்லை.

அவர் வரைந்துவிட்ட ஒரு கோடும் தொலையக் கூடாது என்று காத்தவள் கோடுகள் தொலைந்தன. சேகரிப்பு என்பது அன்பு மட்டுமல்ல. எதை வைப்பது, எதை விடுவது என்ற தீர்ப்பும்கூட.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், செங்கம் வட்டாரத்தில், நடுகற்கள் நிறைய உண்டு. தமிழக அரசு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ நூலை 1972இல் வெளியிட்டது. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். எட்சிங்கில் பள்ளம் கறுப்பாக விழும். மைப்படியில் பள்ளம் வெள்ளையாக நிற்கும். எடத்தனூரில் ஒரு நடுகல், மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தபோது அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைச் சொல்கிறது. நாயின் பெயர் கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தப் பெயர் கல்லில் இருக்கிறது. நாய்க்குக் கிடைத்த மரியாதையில் எனக்குப் பொறாமை இல்லை, மகிழ்ச்சிதான். அவன் வீட்டில் அழுத பெண்ணின் பெயர் அங்கே இல்லை.

சென்ற ஆண்டு, வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியோடு மலையேறினேன். நான் பதிவுசெய்த அம்மா இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மருமகள் இருந்தார். ஆய்வேட்டை நீட்டி, தாலாட்டைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். “இது எங்க அத்தை பாட்டுதான். ஆனா அவுங்க திட்டுவாங்களே, அது எங்க?” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. அந்த வசவு இருந்த நாடாவை அழித்தவள் நான். ஊசியால் கீறிய கலைஞர்கூட அழிக்குமுன் ஒரு படி எடுத்துவைத்தார். நான் எடுத்துவைக்கவில்லை.

மருமகள் தனக்குத் தெரிந்ததைப் பாடினார். மாணவி கைபேசியில் பதிவுசெய்தாள். மறுநாள் மீண்டும் பாடச் சொன்னோம். மாறியிருந்தது. இரண்டையும் தனித்தனிக் கோப்பாக வைத்து, நாள், இடம், பாடியவர் பெயர், அவருக்குப் பாட்டைக் கொடுத்தவர் பெயர் எல்லாம் மாணவி எழுதினாள். பெயர்களை எழுதலாமா என்று மருமகளிடம் கேட்ட பிறகே எழுதினாள். எந்தப் பாடம் சரியானது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்த வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, பேனாவால், அந்த அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறேன். இது இரண்டாம் நிலை.