உப்பு, சாம்பல், வாசப்படி: மரக்காணம் பக்கத்துத் தபசுகாலம்

பாண்டிச்சேரியில 1704-ஆம் வருஷம் உப்பைப் பத்தி ஒரு சட்டம் வந்தது. உப்பு வரி இல்லைங்க. மதராஸ் மாகாணத்துல கம்பெனிக்காரன் உப்பைத் தன்னோட ஏகபோகம் ஆக்கிக்கிட்டது 1805-ல தான், அதுக்கு இன்னும் நூறு வருஷம் இருக்கு. இது ஞானஸ்நானம் கொடுக்கும்போது நாக்குல வைக்கிற ஒரு சிட்டிகை உப்பைப் பத்தின சட்டம்.

அந்தச் சட்டத்துல ஆரம்பிச்சு மரக்காணம் உப்பளத்துக்குப் போகப் போறோம். பாண்டிச்சேரியிலிருந்து வடக்கே கடலோரமா ஏறக்குறைய 35 கிலோமீட்டர். சிறுபாணாற்றுப்படை சொல்ற எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான்னு ஆய்வாளர்கள் பலர் கருதுறாங்க. பக்கிங்காம் கால்வாய் தெற்கே வந்து முடியிற இடமும் இதுதான். கத்தோலிக்க நிர்வாகப்படி புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்குள்ள வருது. கத்தோலிக்கர் இங்கே சிறுபான்மைதான்.

விஷயம் தெரியாத நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஈஸ்டருக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமைகளைக் கழிச்சா வர்ற 40 நாள்தான் தவக்காலம். பெரியவங்க 'தபசுகாலம்'னு சொல்வாங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறு அடங்கினது திருவருகைக் காலம், பழைய பேர் 'ஆகமன காலம்'. ரெண்டுமே ஆயத்தக் காலங்கள். எதுக்கு ஆயத்தம்? ஆரம்ப நூற்றாண்டுகள்ல ஈஸ்டர் ராத்திரியில ஞானஸ்நானம் வாங்கப் போறவங்களுக்கான பயிற்சிக் காலமாத்தான் தவக்காலம் உருவாச்சு. அப்படிப் பேர் கொடுத்தவங்களுக்கு உப்பு கொடுக்கிற வழக்கம் இருந்தது. அகுஸ்தீனார் (354-430) தனக்கு உப்பிடப்பட்டதைத் தன் சுயசரிதையில குறிப்பிடுறார். ஆக, இந்த ஆயத்தத்தோட முதல் ருசியே உப்புதான்!

சரி, 1704-க்கு வருவோம். பாப்பரசரோட தூதரா சார்ல்ஸ் மயார் தெ தூர்னோன் 1703 நவம்பர்ல பாண்டிச்சேரியில வந்து இறங்கினார். அடுத்த வருஷத் தபசுகாலம் முழுக்க அவர் இங்கேதான். ராபர்ட் தெ நொபிலி காலத்துலேர்ந்தே, தமிழ்நாட்டு வழக்கங்கள்ல எதை எல்லாம் கிறிஸ்தவங்க வச்சிக்கலாம்னு பெரிய தகராறு ஓடிக்கிட்டிருந்தது. சேசு சபைக் குருக்கள் நிறைய விட்டுக்கொடுத்துட்டாங்கன்னு புகார். தூர்னோன் 1704 ஜூன் 23 தேதி போட்டு 16 பிரிவுகள் கொண்ட ஆணையைத் தயார் பண்ணி, ஜூலை 8-ல வெளியிட்டு, மூணே நாள்ல கப்பலேறிப் போயிட்டார். பிரச்சனை இங்கே இருக்கிறவங்க தலையில :)

அந்த ஆணையில நமக்கு வேண்டியது மூணு விஷயம்.

முதலாவது உப்பு. ஞானஸ்நானச் சடங்குல குரு தன் எச்சிலைத் தொட்டு வைக்கணும், முகத்துல ஊதணும், நாக்குல உப்பு வைக்கணும். எச்சில்னாலே நம்ம ஊர்ல என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். குருக்கள் இதையெல்லாம் நைசா விட்டுட்டாங்க. தூர்னோன், எச்சில், உப்பு, ஊதுறது மூணையும் விடக்கூடாதுன்னு கண்டிப்பா எழுதிட்டார்.

ரெண்டாவது சாம்பல். மத்தவங்க மாதிரி நெத்தியில சாம்பல், சின்னம் எல்லாம் பூசக்கூடாதுன்னு தடை. ஆனா தபசுகாலம் ஆரம்பிக்கிறதே நெத்தியில சாம்பல் பூசித்தானே! அந்தப் புதன்கிழமைக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வச்ச பேர் என்ன தெரியுமா? விபூதித் திருநாள். சிலர் விபூதிப் புதன்னும் சொல்வாங்க. இலங்கையில இன்னிக்கும் இந்தப் பேர்தான் சர்வ சாதாரணம். தடை போட்ட மனுஷன் போயிட்டார், விபூதிங்கிற சொல் கோயிலுக்குள்ளயே உக்காந்துடுச்சு. இப்போ தமிழ்நாட்டுல 'திருநீற்றுப் புதன்', 'சாம்பல் புதன்'னு மாத்திட்டாங்க. பூசை திருப்பலி ஆச்சு, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆச்சு, சற்பிரசாதம் நற்கருணை ஆச்சு. வீட்டுல பாட்டி இருந்தா இன்னமும் பழைய பேர்தான் வரும்.

மூணாவது வாசப்படி. இதுதான் கனமான விஷயம். நோயில கிடக்கிற பறையர் வீட்டுக்குள்ள குரு போய் கடைசி அருட்சாதனங்களைக் கொடுக்கணும், மறுக்கக்கூடாதுங்கிறது ஆணை. மேல்சாதிக்காரங்க மத்தியில வேலை செஞ்ச குருக்கள் அந்த வாசப்படி ஏறத் தயங்கினாங்க, ஏறினா மத்தவங்க ஒதுக்கிடுவாங்கன்னு காரணம் சொன்னாங்க. 40 வருஷம் இழுத்தடிச்ச பிறகு 1744 செப்டம்பர் 12-ல பாப்பரசர் 14-ஆம் பெனடிக்ட் முடிவு சொன்னார். பறையர்களுக்காக மட்டும் தனியா சில குருக்களை ஒதுக்கறோம்னு சேசு சபை கொடுத்த யோசனையை ஏத்துக்கிட்டார். அதாவது, வாசப்படியைத் தாண்டறதுக்குப் பதிலா ஆளையே ரெண்டாப் பிரிச்சாச்சு. எச்சிலும் உப்பும் ரோமாபுரி வரைக்கும் போய் விவாதிக்கப்பட்ட காலத்துல, இந்தக் கேள்விக்குக் கிடைச்ச பதில் இதுதான்.

இப்போ உப்பளத்துக்குப் போலாம்.

தபசுகாலத்தோட முதுகெலும்பு 'ஒருசந்தி', அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. கூடவே 'சுத்தபோசனம்', மாமிசம் தவிர்க்கிறது. (மீன் மாமிசக் கணக்குல வராது. கடற்கரை ஊர்ல இதுல என்ன தியாகம்னு கேக்காதீங்க.) ஆனா ஒருசந்திச் சட்டத்துல ஒரு விலக்கு உண்டு. 18 வயசு ஆகாதவங்க, 59 வயசு முடிஞ்சவங்க, நோயாளிங்க, இவங்களோட கடுமையான உடலுழைப்பு செய்றவங்களுக்கும் ஒருசந்தி கடமை கிடையாது.

மரக்காணத்துல தபசுகாலம் எப்போ வருது பாருங்க. வடகிழக்கு மழை ஓஞ்சதும் தை மாசம் பாத்திகளைச் சுத்தம் பண்ணி, சேறு வாரி, வரப்பு போட்டு, தரையை மிதிச்சு கெட்டிப்படுத்துவாங்க. பிறகு உப்புத் தண்ணி பாய்ச்சி, வெயில்ல காயவிட்டு, உப்பு விளைஞ்சதும் பலகையால வாரி வரப்புல குவிப்பாங்க. மாசி, பங்குனி, சித்திரைன்னு வெயில் ஏற ஏற உப்பு நல்லா விளையும். விபூதித் திருநாள் எப்பவும் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் நடுவுலதான். ஆக, கோயில் 'சாப்பாட்டைக் குறை'ன்னு சொல்ற அதே 40 நாள்தான் உப்பளத்துல உடம்பு அதிகமா சோறு கேக்கிற நாள். உப்புத் தண்ணியில கால் வெடிக்கும், வெள்ளை உப்புல பட்டு எதிரொளிக்கிற வெயில் கண்ணைக் கூசும். திருச்சபைச் சட்டப்படி அங்கே நிக்கிறவங்க ஒருசந்திக்கு வெளியே இருக்கிற ஆளுங்க.

அப்போ அவங்களுக்குப் பசி எப்போ? அக்டோபர், நவம்பர், டிசம்பர். பாத்தி முழுக்க மழைத் தண்ணி, வேலை கிடையாது, கூலி கிடையாது. கோயில் நாட்காட்டியில அது ஆகமன காலம்! ஐரோப்பாவுல கதை நேர் எதிர். குளிர்காலம் முடியறப்போ குதிர் காலியாகிற சமயம் தபசுகாலம், இருக்கிற தட்டுப்பாட்டையே தவமா மாத்திக்கிட்டாங்க. அங்கே கணக்குப் பண்ணின நாட்காட்டி இங்கே வந்தப்போ தவம் உழைப்பு மேலயும், உண்மையான பட்டினி திருவிழா ஆயத்தத்து மேலயும் போய் விழுந்துச்சு. நடுக்கால ஐரோப்பாவுல நவம்பர் 11, அதாவது மார்ட்டின் திருநாள்லேர்ந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் கூட நோன்பு இருந்தது. பின்னால அந்த வழக்கம் தளர்ந்து போச்சு. உப்பளத்துல யாரும் தளர்த்தலை, மழை தானாவே கொண்டுவந்து கொடுத்துடும்.

உப்பும் தபசுகாலமும் சந்திச்ச இன்னொரு வருஷம் 1930. அந்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 20. மார்ச் 12-ல காந்தி சபர்மதியிலிருந்து கிளம்பி ஏப்ரல் 6-ல தண்டியில உப்பெடுத்தது முழுக்கத் தபசுகாலத்துக்குள்ள. ராஜாஜி தன் தொண்டர்களோட திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பின ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு. இதுல யாரும் திட்டம் போடலை, தேதி அப்படி விழுந்துச்சு. ஆனா கோயில்ல கையில குருத்தோலை பிடிச்சுப் பவனி போன அதே காலையில, இன்னொரு கூட்டம் உப்புக்காக நடந்துச்சுங்கிறதை நினைச்சா மனசு என்னமோ பண்ணுது.

1966 பிப்ரவரி 17-ல பாப்பரசர் 6-ஆம் பவுல் நோன்புச் சட்டத்தை மாத்தி எழுதினார். நோன்பு கடமையான நாள் ரெண்டே ரெண்டு ஆச்சு: விபூதித் திருநாள், பெரிய வெள்ளி. அதைவிட முக்கியமான ஒண்ணு அதுல இருக்கு. வசதி கூடின இடத்துல தவம் கூடுதலா தெரியணும். வறுமையில இருக்கிறவங்க சமூக நீதிக்காக முயற்சி செஞ்சுக்கிட்டே, தங்களோட துன்பத்தையே ஜெபமா ஒப்புக்கொடுக்கலாம். இதான் அதோட சாரம். உப்பளத்தை மனசுல வச்சு எழுதினது இல்ல. ஆனா அங்கே பொருந்துற மாதிரி வேற எங்கயும் பொருந்தாது. இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. 'உன் கஷ்டமே உன் தவம்'னு சொல்லிக் கூலி கொடுக்கிறவன் தப்பிச்சுக்கலாம். அதனாலதான் 'நீதிக்காக முயற்சி செஞ்சுக்கிட்டே'ங்கிற பாதியை மறக்காம சேர்த்தே படிக்கணும்.

அந்த நாக்குல வைக்கிற உப்பு என்ன ஆச்சு? 1969-ல குழந்தைகளுக்கான ஞானஸ்நானச் சடங்கைத் திருத்தினப்போ உப்பை எடுத்துட்டாங்க. பெரியவங்களுக்கு 1972-ல வந்த புதுச் சடங்கு, தபசுகாலத்தை மறுபடி ஞானஸ்நான ஆயத்தக் காலமா ஆக்கிச்சு, ஆனா உப்பு கட்டாயமா திரும்பி வரலை. 1704-ல விட்டா குத்தம்னு சொன்னது, 265 வருஷம் கழிச்சு வேண்டாம்னு போச்சு. சாம்பல் தங்கிடுச்சு. வாசப்படி? இன்னிக்குச் சட்டப்படி எந்தக் குருவும் எந்த வீட்டுக்கும் போகலாம். ஆனா சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வச்சிருக்கிற பங்குகள் தமிழ்நாட்டுல இன்னும் இருக்கு.

தபசுகாலத்துல வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் சிலுவைப்பாதை நடக்கும். பதினாலு ஸ்தலம், ஒவ்வொண்ணுலயும் முழங்கால் போடணும். பகல் முழுக்க உப்பு வாரிட்டு வர்றவங்களுக்கு அந்த முழங்கால் போடறது என்னன்னு, ஒருசந்தி இருந்து வர்ற நமக்குத் தெரியாது. ஆயத்தம்னா எதையாவது விடறதுன்னு நாம சுலபமா சொல்லிடறோம். விடறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்களோட தபசுகாலத்தை எந்தக் கணக்குல எழுதறதுன்னுதான் எனக்கு விளங்கலை. அவங்க சோத்துல இருக்கிற பங்கை அவங்களுக்கே ஒழுங்காக் கொடுக்கிறதுதான் மத்தவங்களுக்கான நோன்போ என்னமோ.

உங்க ஊர்ல விபூதிப் புதனா, சாம்பல் புதனா? அப்படியே, மழைக்காலத்துல வேலை இல்லாம போற கூலிக்காரங்களுக்கு உங்க பக்கத்துக் கோயில்ல ஏதாவது வழக்கம் இருந்துச்சான்னும் எழுதுங்க. தெரிஞ்சுக்க ஆசை.