கிழட்டுப் பட்டாளம்

ஜார்ஜ் ஆலனுக்குச் சின்னப் பையன்கள்மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது.

அமெரிக்கன் ஃபுட்பாலில், காலேஜ் முடித்து வரும் புது ஆட்டக்காரர்களை வருஷா வருஷம் புரொஃபஷனல் டீம்கள் வரிசைப்படி பொறுக்கி எடுக்கும். 1971-ல் வாஷிங்டனுக்குக் கோச்சாக வந்த ஆலன், அந்த வரிசையில் தன் இடங்களை மற்றவர்களிடம் தள்ளிவிட்டு, பதிலுக்குப் பழம் தின்று கொட்டை போட்ட ஆசாமிகளாக வாங்கிப் போட்டார். பையன்கள் தேறும்வரை யார் காத்திருப்பது? இன்றைக்கு ஜெயிக்க வேண்டாமா?

ஊரே சிரித்தது. அந்தக் கிழட்டுப் பட்டாளம் 1973 ஜனவரியில் சூப்பர் பௌல் வரை போய், மயாமியிடம் 14-7 என்று தோற்றது. மொத்தம் 12 சீசன்கள். ஒன்றில்கூடத் தோல்விகள் வெற்றிகளைத் தாண்டவில்லை!

அப்புறம் அந்த லீக் அவரை மறந்தே போனது.

1990. கலிஃபோர்னியாவில் லாங் பீச் ஸ்டேட் என்ற காலேஜ் டீம். காசில்லை, பேரில்லை. 72 வயது ஆலன் கோச்சாகப் போனார். எல்லாம் அதே சின்னப் பையன்கள்! முதல் மேட்சிலேயே 59-0 என்று உதை. மனிதர் அசரவில்லை. பயிற்சி, பயிற்சி, மேலும் பயிற்சி. சீசன் முடிவில் 6 வெற்றி, 5 தோல்வி. கணக்கு கெடவில்லை.

கடைசி மேட்ச் ஜெயித்த குஷியில் பையன்கள் ஐஸ் தண்ணீரை அவர் தலையில் கொட்டினார்கள். அதிலிருந்தே உடம்பு சரியில்லை என்றார் ஆலன். டிசம்பர் 31-ம் தேதி இறந்துபோனார். காரணம் இதயக் கோளாறுதான், தண்ணீர் அல்ல என்றது குடும்பம்.

அடுத்த வருஷத்தோடு அந்தக் காலேஜ் ஃபுட்பாலையே மூடிவிட்டது. பையன்களுக்காகக் காத்திருக்காத மனிதருக்கு, கடைசி வெற்றியைக் கொடுத்தது பையன்கள்தான்.