தலையும் உடலும்: தென் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றில் ஒரு கொள்கை

பாளையத்தை அடுத்து 'எல்.எம்.எஸ்.' என்று வழங்கும் இடத்தை இந்நகரத்தார் யாவரும் அறிவர். அம்மூன்று எழுத்துக்கள் இலண்டன் மிஷனரி சங்கத்தைக் குறிப்பன என்பதை அறிந்தோர் சிலரே. 1795ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய அச்சங்கத்தின் வரலாறு, தென் திருவிதாங்கூர்த் தமிழரின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்ததாகும். அச்சங்கத்தால் எழுந்த பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். அவற்றின் அடியில் நின்ற ஒரு கொள்கையை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். கிறிஸ்து யார் என்னும் வினாவுக்குச் சீர்திருத்தச் சபையார் தந்த விடை, திருச்சபை எத்தகையது என்னும் வினாவுக்குரிய விடையையும் வகுத்தது. அவ்விடை வெறும் ஏட்டுக் கல்வியாய் நின்றுவிடவில்லை. யார் யாரோடு அமர்ந்து உண்ணலாம், யார் எவ்வாறு உடுத்தலாம் என்பன வரையில் அது நம் மண்ணில் நீண்டு சென்றது.

முதற்கண் கொள்கையின் பிறப்பிடத்தைக் காண்போம். 1517இல் ஜெர்மனியில் லூதர் எழுப்பிய கிளர்ச்சியின் உயிர்நிலை, கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே நிற்கும் மத்தியஸ்தர் கிறிஸ்து ஒருவரே என்பதாகும். மத்தியஸ்தர் ஒருவரே எனின், குருமார் என்னும் தனி வகுப்பார் மக்களுக்கும் இறைவனுக்கும் நடுவே நிற்க இடமில்லை. விசுவாசிகள் அனைவரும் குருத்துவம் உடையவரே. அனைவரும் குருமாரெனின், அனைவரும் வேதத்தைத் தம் தாய்மொழியில் ஓதவேண்டும். ஒரு நம்பிக்கையிலிருந்து மற்றொன்று இவ்வாறு சங்கிலிபோல் பிறந்தது.

ஆயினும் சீர்திருத்தக்காரரிடையே ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1529இல் மார்பூர்க் நகரில் லூதரும் சுவிங்கிலியும் திருவிருந்தைப் பற்றி வாதிட்டனர். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் மனிதத்தன்மை அவருடைய தெய்வத்தன்மையோடு எங்கும் நிறைந்திருக்க வல்லது. ஆதலின் அப்பத்தில் அவர் உடல் மெய்யாகவே உண்டு என்றார் லூதர். அவ்வுடல் பரமண்டலத்தில் வீற்றிருக்கின்றது; ஆதலின் திருவிருந்து அவரை நினைவுகூரும் செயலே என்றார் சுவிங்கிலி. இருவரும் இணங்காது பிரிந்தனர். கிறிஸ்துவின் உடல் எங்கே இருக்கிறது என்னும் வினாவில் பிறந்த பிரிவு, இரண்டு திருச்சபை மரபுகளாய் நின்றது.

பின்னர் இங்கிலாந்தில் கிளைத்த காங்கிரிகேஷனல் மரபினர் மேலும் ஒருபடி சென்றனர். திருச்சபையின் தலைவர் கிறிஸ்து ஒருவரே. அவர் பெயரால் விசுவாசிகள் எங்குக் கூடினும் அங்கே அவர் உடன் இருக்கின்றார். ஆகவே அவ்வாறு கூடும் ஒவ்வொரு சபையும் தன்னில் நிறைவுடையது. அதன்மீது அரசரோ அத்தியட்சரோ தலைவராக ஆளவேண்டுவதில்லை என்பது அவர்கள் துணிபு. இலண்டன் மிஷனரி சங்கத்தில் இம்மரபினரே பெரும்பான்மையோராயினர். எனினும் அச்சங்கம் 1796இல் ஓர் அடிப்படை விதியை ஏற்றது. எந்த ஒரு சபை ஆட்சிமுறையையும் பிற நாடுகளுக்கு அனுப்புவது நம் நோக்கமன்று. நற்செய்தியை அனுப்புவதே நோக்கம். ஆட்சிமுறையை அந்தந்த நாட்டு விசுவாசிகளே வகுத்துக்கொள்ளட்டும் என்பது அவ்விதியின் கருத்து. தலைவர் கிறிஸ்துவே எனின் இலண்டனும் தலைமையிடம் ஆகாது என்பதை ஒப்புக்கொண்ட விதி அது. அதன் பயன் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் விளைந்ததை மேலே காண்போம்.

தமிழகத்தில் பிராட்டஸ்டண்டு சமயம் 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கும் புளுட்சோவும் வந்திறங்கியதோடு தொடங்கிற்று. அவர்கள் லுத்தரன் மரபினர். தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்த பெருமை அவர்களுடைய மிஷனுக்குரியது. ஆயினும் தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதிவாரியான இருக்கைகள் நெடுங்காலம் நிலவின. சாதி என்பது உலகியல் வழக்கு. கிறிஸ்து தரும் மீட்பு உள்ளத்தைச் சார்ந்தது. ஒன்றை மற்றொன்றோடு குழப்பலாகாது என்பது அதனை ஆதரித்தோர் வாதம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் இவ்வழக்கின் பக்கம் நின்றார். அவருடைய புலமையையும் பக்தியையும் தமிழுலகம் என்றும் போற்றும். ஆயினும் இவ்வொரு பொருளில் காலம் அவர் பக்கம் நிற்கவில்லை.

1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே அறவே ஒழிதல் வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சையில் பெருங்கலக்கம் விளைந்தது. பலர் சபையை விட்டு விலகினர். 1850இல் சென்னையில் மிஷனரிமார் கூடிச் சாதியை விடாதவரைச் சபையில் ஏற்பதில்லை என்று முடிவு செய்தபோது, லைப்சிக் லுத்தரன் மிஷனார் அதற்கு உடன்படவில்லை. இரு திறத்தாரும் வணங்கியவர் ஒருவரே. அவருடைய மீட்பு உள்ளத்தோடு நிற்பதா, உடலையும் ஊரையும் தொடுவதா என்பதிலேயே வேறுபட்டனர்.

இனித் தென் திருவிதாங்கூருக்கு வருவோம். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்னும் சாம்பவர், சிதம்பரத்திற்குத் தலயாத்திரை சென்றவர், தஞ்சையில் கிறிஸ்தவ போதனையைக் கேட்டு வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். வெளிநாட்டார் எவரும் வருமுன்னரே இங்குச் சபைக்கு வித்திட்டவர் அவரே. அவர் விடுத்த அழைப்பிற்கிணங்க 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வந்தவர் இரிங்கல்தோபே. 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. வேதம் ஓதவும் கோயிலை அணுகவும் உரிமையற்றிருந்த ஒரு குலத்தார் நடுவே, வேதமாணிக்கத்தின் ஊரில் அவ்வாலயம் எழுந்தது என்பதைக் கருதுக. மத்தியஸ்தர் ஒருவரே என்ற கொள்கை இங்கே எத்துணை ஆற்றலுடன் ஒலித்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1818இல் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட மீது ஐயரும், அவருக்குப் பின் வந்த மால்ட் ஐயரும் பள்ளிகளைப் பெருக்கினர். 1838இல் ஜான் காக்ஸ் திருவனந்தபுரத்தில் பணியைத் தொடங்கினார். இந்நகரில் பின்னர் உழைத்த சாமுவேல் மெட்டீரின் நினைவாக 1906இல் எழுந்த ஆலயமே இன்று பாளையத்தின் அருகே காணப்படுவது.

தோள்சீலைப் போராட்டத்தையும் இக்கொள்கையின் ஒளியில் காணுதல் தகும். இறைமகன் மனித உடலை எடுத்தார் என்று நம்புவோர், எந்த மனித உடலையும் இழிந்தது எனல் இயலாது. நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிதல் குற்றமென்றிருந்த நாட்டில், அந்நம்பிக்கை துணியாக உருவெடுத்தது. 1829இல் வெளிவந்த அரச விளம்பரம் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய இசைந்தது. உயர்குலத்தார்போல் மேற்சீலை இடுதலைத் தடுத்தது. 1858ஆம் ஆண்டின் இறுதியில் கலகம் மூண்டு, ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மகாராஜா, நாடார் குலப் பெண்கள் அனைவரும் மார்பை மறைக்கலாமென விளம்பரம் செய்தார். அப்போதும் உயர்குலத்தார்போல் உடுத்தும் உரிமை முழுமையாக வழங்கப்படவில்லை. இம்மானப் போர் கிறிஸ்தவர்க்கு மட்டும் உரியதன்று. சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தம் அடியார்களைத் தலைப்பாகை கட்டித் தலைநிமிர்ந்து வழிபடச் செய்ததும் அக்காலத்திலேயே என்பதை மறத்தலாகாது.

சபைக்குள் எல்லாம் கொள்கைப்படியே நடந்தது என்று எழுதின் அது வரலாறாகாது. நாடார், சாம்பவர், புலையர் என்னும் பிரிவுகள் ஆலய வாயிலில் கரைந்துவிடவில்லை. போதித்தவர்களும் சோதனைக்குத் தப்பவில்லை. மீது ஐயர் தம் முதுமையில் சாம்பவ குலத்துக் கிறிஸ்தவப் பெண்ணொருவரை மணந்தார். அம்மணத்தை உடன் மிஷனரிமார் பொறுக்கவில்லை. அவர் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. பின்னர்த் திருவிதாங்கூர் அரசின் பணியில் அமர்ந்து, 1873இல் மறைந்தார். கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒரே உடல் என்று மேடையில் சொல்வது எளிது. ஒரே இல்லமாவதே அரிது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கிறிஸ்துவைப் பற்றிய நோக்கு மாறினால் திருச்சபையைப் பற்றிய நோக்கும் மாறும் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டுத் தமிழகமும் எடுத்துக்காட்டுத் தருகின்றது. சென்னை மேயராய் விளங்கிய வெங்கல் சக்கரை, கிறிஸ்துவை அவதாரமாகக் கண்டார். அவர் இன்றும் மாந்தரின் அகத்தே தொடர்ந்து செயலாற்றும் அவதாரம் என்றார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாயிருந்த பா. செஞ்சையா, கிறிஸ்துவைப் புதிய படைப்பின் தொடக்கமாகக் கண்டார். இவர்களும் நண்பர்களும் 1938இல் வெளியிட்ட நூல், மேனாட்டிலிருந்து வந்த சபை அமைப்பு இந்தியக் கிறிஸ்தவனுக்கு இன்றியமையாததா என்று துணிந்து வினவிற்று. அகத்தே நேரே உறையும் கிறிஸ்துவுக்குப் புறத்தே பெரிய மாளிகை வேண்டுவதில்லை என்பது அவர்கள் எண்ணத்தின் போக்கு.

மற்றொரு சாரார் வேறு வழி கண்டனர். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். அவர்களுள் இந்தியரே மிகப் பெரும்பாலோர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அத்தியட்சர் அங்கே முன்னின்றார். தலை ஒன்றாயின் உடல் பலவாதல் எவ்வாறு? இங்கிலாந்தில் நிகழ்ந்த பூசல்களை இந்தியர் ஏன் சுமக்கவேண்டும்? இதுவே அவர்கள் உள்ளத்து வினா. இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சிற்குப் பின், 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன் மரபுகள் அதில் இணைந்தன. அசரியா அந்நாளைக் காணாது 1945இன் முதல் நாளிலேயே மறைந்தார். 1796ஆம் ஆண்டு விதி விட்டுவைத்த உரிமையை இந்நாட்டு மக்களே பயன்படுத்தினர் எனலாம். அத்தியட்சரே வேண்டாமென்றிருந்த இலண்டன் மிஷன் சபைகளும், அத்தியட்சர் அரசரல்லர், மேய்ப்பரே என்னும் உடன்பாட்டின்மேல் அவரை ஏற்றன.

1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்து, குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அதனைத் தொடர்ந்து 1959இல் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டாயிற்று. ஒன்றாதலே உடலின் இயல்பெனின் இப்பிரிவு அதற்கு முரணன்றோ என்று சிலர் வினவலாம். முரணன்று என்பதே நம் கருத்து. இறைவார்த்தை ஓர் இனத்தில், ஒரு மொழி பேசும் மாந்தர் நடுவே மனிதனாயிற்று என்று நம்புவோர், அது ஒவ்வொரு மொழியிலும் குடியேறும் என்பதையும் நம்பியாகவேண்டும். சீகன்பால்கு தமிழ் கற்றதும் அதனாலேயே. ஒரே திருச்சபையின் இரு பேராயங்கள் இரு மொழிகளில் வழிபடுதல் பிளவாகாது. ஒரு மொழியினர் மற்றவரைத் தம் பந்தியில் ஏற்க மறுப்பின் அதுவே பிளவாகும்.

தாய்மண்ணின் எல்லைக்கு அப்பால், மலையாளச் சகோதரர் நடுவே வாழும் தமிழராகிய நமக்கு, எச்சமயத்தவராயினும், இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. ஒரு கூட்டம் தன் தலையென எதை ஏற்கின்றதோ, அதற்கேற்பவே அதன் உறுப்புக்கள் ஒன்றையொன்று நடத்தும். நம் வாய் எதைப் போற்றுகின்றது என்பதைப் பிறர் அறிந்துகொள்வது, நம் பந்தியில் யார் அமர்ந்திருக்கின்றார் என்பதைப் பார்த்தேயாம்.